அண்ணன் எல்லோருக்கும் மாட்டிவிட்ட கறுப்பு அங்கி

நினைவு மலருக்காக அண்ணனைப் பற்றி நல்லதை மட்டும் எழுதித் தரும்படி மதினி கேட்டுக்கொண்டார்கள். நல்லதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கறுப்பு அங்கியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத முடியாது; அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வராமலும் இருக்காது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது திருச்சுழி பக்கம், கண்மாய் நிறைந்த வருஷத்தை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதோடு அண்ணனின் படிப்பு நின்றது. அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் பழகி, பிறகு பஸ் ஸ்டாண்டு அருகே சொந்தமாக ஒன்று வைத்தார்கள். என்னை பி.ஏ. படிக்க வைத்தது அந்த வருமானம்தான்.

பட்டமளிப்பு விழாவுக்குப் போக வசதிப்படாதவர்கள் ஸ்டுடியோவில் அங்கி போட்டுப் படம் எடுத்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்படி மாட்டிவைப்பது நம் பக்கத்து வழக்கம். அதற்காக அண்ணன் பாளையம்பட்டி டெய்லரிடம் ஒரே ஒரு அங்கி தைத்து வாங்கினார்கள். ஒல்லிக்கும் குண்டுக்கும் அதுதான். முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். மற்ற நேரத்தில் புழுதி விழாமல் கம்ப்யூட்டரை மூடி வைப்பதும் அதை வைத்துத்தான். துவைத்துத் தேய்ப்பது என் பொறுப்பு. ஒரு தடவை அங்கியின் இடது கையைத் தேய்ப்புப் பெட்டியால் பொசுக்கி, சதுரமாக ஒட்டுப் போட்டதும் நானேதான்.

அங்கி என்பது படித்து முடித்தவர்களுக்கு உரிய உடுப்பு, அதற்கென்று ஒரு மரியாதை உண்டு என்பது என் கட்சி. அண்ணனோ வந்தவர் போனவருக்கெல்லாம் மாட்டிவிட்டார்கள். மகளின் படத்தை வாங்கிப் போக வந்த ஆடு மேய்க்கும் அம்மாவுக்கே ஒரு நாள் மாட்டிவிட்டு, தொப்பியையும் வைத்துப் படம் எடுத்தார்கள். நான் சண்டைக்குப் போனால் ஒரே பதில்தான்.

“உள்ள கிழிஞ்ச சட்டையா புதுச் சட்டையான்னு வெளிய தெரியாதுல்ல தாயி. அதுக்குத்தேன் கவுனு.”

இந்த மனுஷரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது?

எனக்கு மாப்பிள்ளை பார்க்க அண்ணனும் மதினியும் நரிக்குடி பக்கம் போனார்கள். அந்த வீட்டுச் சுவரில் மாப்பிள்ளை அங்கியோடு நிற்கும் படம் இருந்திருக்கிறது. அண்ணன் கிட்டப் போய்ப் பார்த்தார்களாம். இடது கையில் என் ஒட்டு. திரும்பி வந்து, பட்டதாரி மாப்பிள்ளை, அதுவும் நம்ம கவுனிலேயே நிக்கிறாக என்று வீடு கொள்ளாத சந்தோஷம். மார்க் ஷீட்டை ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் வேறு யார் அந்தப் படத்தை நம்பினாலும் பரவாயில்லை, அண்ணன் நம்பலாமா?

கல்யாணமான மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் அரியர் எழுதக் கிளம்பினார். பட்டம் வாங்கினவருக்கு என்ன அரியர் என்று கேட்டேன். அவரோ, படம் எடுத்த அன்றே ரெண்டு பேப்பர் நிற்கிறது என்று அண்ணனிடம் சொன்னேனே என்றார். அது கெடக்கட்டும், நீ நிமிந்து நில்லப்பா என்றார்களாம் அண்ணன். ஆகவே எல்லாம் தெரிந்துதான் பெண் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போய் அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர்களுக்கு அது நினைவிலேயே இல்லை. அதன் பிறகு ஒரு வருஷம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பேப்பரை என் வீட்டுக்காரர் முடித்தார். மற்றது இன்றும் நிற்கிறது. லோடு வண்டி ஓட்டுகிறார்.

கடைசிக் காலத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டிப் போனவர் என் வீட்டுக்காரர்தான். வந்த லோடுகளை விட்டுக்கொடுத்தார். நடக்க முடியாமல் போன பிறகு அண்ணனைத் தூக்கிக்கொண்டே படியேறினார். அப்படி ஒரு நாள் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

“அந்தக் கவுன நம்பி ஒன் வாழ்க்கையக் கெடுத்துப்புட்டேனா தாயி?”

“மொதல்ல மாத்திரையப் போடுங்க” என்றேன். அந்த வாரமே அண்ணன் போய்விட்டார்கள்.

செய்தி கேட்டு ஓடிவந்த சொந்தங்களுக்கும், கடையடைத்து உடன் வந்த பஸ் ஸ்டாண்டு வியாபாரிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் அச்சில் இருக்கட்டும்.

அண்ணே, நீங்கள் கெடுக்கவில்லை. நீங்கள் கேட்டபோதே இதைச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது என் மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது.