வரகுக்கோழிக்கு ஒரு சாட்சி

ஒருவர் மட்டும் கண்ட ஒன்றைக் கண்டதாகக் கணக்கில் கொள்ளலாமா? மெய்யியல் நூல்களில் இதைச் சுற்றிச் சுற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மேலப்பாளையம் தாஜ் முகம்மது அவற்றில் ஒரு வரியும் படித்தவரல்லர். ஆனாலும் அவருடைய ஒன்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியோடுதான் போயின.

வண்ணார்பேட்டையில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சுவரில் மாட்டிய எழுத்துகளை வாடிக்கையாளர் வாசிக்கும்போது வெளியே பேருந்து ஊதும். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். கண்ணாடி சரியாக இருக்கும், சொன்ன நாளில் கிடைக்காது. கடைக்கு மேலே சும்மா கிடந்த அறையில் மாதம் ஒரு ஞாயிறு பறவைக் கழகம் கூடும். அவர் வாடகை கேட்பதில்லை என்பதற்காகவே அவரைச் செயற்குழுவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கலாம். பறவை பார்ப்பதில் அவர் சுமார்தான். வானம்பாடிகளில் எது எது என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கழகத்தில் ஒரு விதி இருக்கிறது. எந்தப் பறவையானாலும் உறுப்பினர்கள் இருவராவது பார்த்திருந்தால்தான் பட்டியலில் ஏறும். கூட்டத்தில் பெயரை வாசிக்க வாசிக்க, பார்த்தவர்கள் கைதூக்க வேண்டும். இந்த விதி வந்ததற்குக் காரணம் அப்பாத்துரை என்ற உறுப்பினர். முந்தின நாள் சாயங்காலம் படப்புத்தகத்தில் எந்தப் பறவையைப் பார்த்தாரோ, அது மறுநாள் காலையில் அவர் கண்ணில் பட்டுவிடும். பனிமலையை விட்டு இறங்காத பறவையொன்று மானூர் குளத்தில் அவருக்காக வந்து உட்கார்ந்தபோது எல்லோருக்கும் பொறுமை போயிற்று. இருவர் விதியை முன்மொழிந்தவர் தாஜ் முகம்மது. கைதட்டினார்கள். அவர் முன்மொழிந்து நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

அடுத்த கோடையில் அவர் வரகுக்கோழியைப் பார்த்தார். தனியாக.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வடக்கே, ஆற்றுக் கால்வாய் எட்டாத மேட்டில், மானாவாரி நிலங்கள் இருக்கின்றன. நெல்லும் வாழையும் முடிகிற இடத்தில் புல் தொடங்கிவிடும். வைகாசியில் உழவில்லாமல் கிடக்கும் அந்த நிலங்களில் புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். கழகத்தின் கோடை நடை ஆண்டுதோறும் அங்கேதான். அன்று மற்றவர்கள் பதநீர் குடிக்க நின்றுவிட்டார்கள். இவர் முன்னால் போய்விட்டார். மெலிந்த கழுத்தும் நெடிய காலுமாக ஒரு பறவை புல்லிலிருந்து வெளியே வந்தது, நின்றது, மறுபடி புல்லுக்குள் போயிற்று. நாட்டிலேயே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும் பறவை. கழகத்தில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி ஓடிவந்து சொன்னார். கழகத் தலைவர் ஜெபசீலன் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பதநீர் ஊற்றிய பனையோலைப் பட்டையைக் கையில் ஏந்தியபடியே கேட்டார்.

"கூட யாரு பாத்தா?"

"நான் மட்டுந்தான் சார்."

"அப்ப அது மயில்குஞ்சுவே."

சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் அப்பாத்துரை.

வீட்டுக்கு வந்து மனைவி மைதீன் பாத்திமாவிடம் சொன்னார். அவர் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"கண்ணால பாத்ததுக்கு எதுக்குங்க இன்னொரு ஆளு? நிக்காஹ்வுக்குத்தான் ரெண்டு சாட்சி. கோழிக்குமா?"

"விதி அப்படி."

"யாரு போட்ட விதி?"

தாஜ் முகம்மது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான் வேணா பாத்தேன்னு சொல்லுதேன்."

"நீதான் வரவே இல்லையே."

"நம்ப மாட்டேன்னு சொன்னவங்க மட்டும் கூட நின்னாங்களாக்கும்."

அதற்குப் பிறகு எந்த நடையிலும் அவர் தனியாகப் போனதில்லை. யாராவது ஒருவரை, பெரும்பாலும் விருப்பமில்லாத ஒருவரை, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போவார். கூட வருபவர் தும்மினால்கூட இவர் முகம் சுருங்கும். ஜெபசீலன் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வரகுக்கோழியை எப்போதாவது இருவர் சேர்ந்து பார்த்துவிட்டால், தாஜ் முகம்மதுவின் பழைய கோழியும் அன்றே பட்டியலில் ஏறும். ஒன்பது கோடைகள் அவர் அந்தப் புல்லில் நடந்தது இதற்காகத்தான். ஜெபசீலன் போட்டிருந்த கண்ணாடி அவர் கடையில் செய்தது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதை நம்பலாம், செய்தவர் பார்ப்பதை நம்ப முடியாது என்பது கழகத்தின் நிலை.

போன ஆண்டுக் கோடை நடையில் ஜெபசீலனுக்கு முழங்கால் வலி. மற்றவர்கள் முன்னே போக, இருவரும் பின்னால் வந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நாலா பக்கமும் மயில் அகவிக்கொண்டிருந்தது.

"என்ன பாய், ஒம்ம மயில்குஞ்சு இந்நேரம் பேரன் எடுத்திருக்கும்லா?"

"பைய நடங்க சார். கால் மடங்கிரப் போவுது."

"நான் பைய நடந்தா நீரும் பைய நடக்கணும். சாட்சி வேண்டியது ஒமக்குத்தான்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நின்றார். தாஜ் முகம்மதுவின் தோளைப் பற்றினார்.

முன்னே போனவர்களில் பொன்செல்வியும் ஒருத்தி. பள்ளி ஆசிரியை, கழகச் செயலாளர். இருவரையும் காணோமே என்று திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து தரை தெரியாது, புல் மறைத்தது. இந்த இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். ஜெபசீலன் வாய் திறந்தபடி நின்றார். தாஜ் முகம்மது பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார். அது இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, அப்புறம் இறங்கியது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். புல்லை மிதித்துத் தேடினார்கள். ஒரு கௌதாரி கிளம்பிப் போயிற்று, அவ்வளவுதான்.

"வரகுக்கோழி," என்றார் ஜெபசீலன். "அந்த உடைமரத்துலேர்ந்து இந்தப் பக்கமா நடந்து போச்சு. பாய்கிட்டயே கேளுங்க."

எல்லோரும் தாஜ் முகம்மதுவைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கல சார்," என்றார்.

"பைனாகுலர் வச்சிருந்தீரேவே."

"வச்சிருந்தேன்."

"அப்ப மயில்குஞ்சுதான் சார்," என்றார் அப்பாத்துரை, பணிவாக.

திரும்பும்போது வேனில் பொன்செல்வி தாஜ் முகம்மதுவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணாச்சி, ஒங்க பைனாகுலர் எதையோ தொடந்துக்கிட்டே போச்சு. நான் பாத்தேன்."

"ஒனக்குப் பவர் மாறியிருக்கும்மா. கடைக்கு வா, பாத்துருவோம்."

அந்த வாரம் ஜெபசீலன் கடைக்கு வந்தார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுத்துப் பலகையைப் பார்த்தபடி பேசினார்.

"எம்மேல கோவமாவே?"

"கோவமெல்லாம் இல்ல சார்."

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லும். ஒம்மதும் ஏறும், என்னதும் ஏறும். இத்தன வருசம் இதுக்குத்தான அலஞ்சீரு?"

"ஆமா, அலஞ்சேன்."

"பெறவு என்னவே? நான் ராத்திரி ஒறங்கல. எனக்கே சந்தேகம் வந்துட்டு, பாத்தேனா இல்லையான்னு."

தாஜ் முகம்மது கையை நீட்டி ஜெபசீலனின் கண்ணாடியை வாங்கினார். துணியால் துடைத்தார். "மூக்குல அழுத்துதா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பழிவாங்குகிறார் என்றார் அப்பாத்துரை. பழிவாங்குகிறவர் தன் பங்கையும் சேர்த்துக் கொளுத்துவது வழக்கமில்லை. பறவையைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த ஞாயிறே கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கேமராவோடு வந்து இறங்கியிருப்பார்கள் என்பது பொன்செல்வியின் எண்ணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் ஒன்பது ஆண்டுகள் ஆட்களை அந்தப் புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனவர். இந்த இரண்டிலும் சேராத காரணம் ஒன்று இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பொன்செல்வி கோடை நடையின் பட்டியலை வாசித்தாள். வரகுக்கோழிக்கு வந்ததும் ஜெபசீலன் கைதூக்கினார். கூட்டத்தில் இளையவர்கள் குனிந்துகொண்டார்கள். "இன்னொருத்தர்?" என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் அவள் காத்திருந்தாள். கீழே பேருந்து ஒன்று ஊதிவிட்டுப் போனது. ஜெபசீலன் திரும்பிப் பார்க்கவில்லை, தூக்கிய கையை இறக்கவும் இல்லை. தாஜ் முகம்மது இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி இருந்தார்.

அடுத்து மைனா. எல்லோரும் கைதூக்கினார்கள், அவரும்.