தமிழ்மணியின் கடைசி மீதி

வளவனூர் கடைத்தெருவில் என் பஞ்சர் கடையை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் தமிழ்மணி. விழுப்புரத்தில் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. அதற்காகக் கணக்கை விட்டாளா? விடுவாளா அவள்! பிடிவாதத்தில் அவளை மிஞ்ச இந்தத் தெருவில் ஆளில்லை.

கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பகா எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் ராட்சச எண். அது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுமா? நாலில் தொடங்கி, அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, அந்த ராட்சசனால் வகுத்து, வரும் மீதியை மறுபடி வர்க்கமாக்கி, இப்படியே கோடிக்கணக்கான படிகள். கடைசி மீதி சுழியம் என்றால் பகா எண். உலகத்திலேயே இந்த வகையில் ஐம்பது சொச்சம்தான் கிடைத்திருக்கிறதாம். ஒன்றாவது வளவனூரிலிருந்து போகவேண்டும் என்பது அவள் வெறி.

ஆடியில் தொடங்கியது ஆயுத பூஜைவரை நிற்காமல் ஓடியது. அன்று காலை நான் ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில், தமிழ்மணி பூ வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் அம்மா அஞ்சம்மாள் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, சந்தனத்தைக் கரைத்துத் தாராளமாகப் பூசினார். சாமி கும்பிட்டு முடித்து, "நீயும் இன்னிக்கி ஓய்வெடு" என்று சுவிட்சையும் அணைத்துவிட்டார். சந்தனத் தண்ணீர் காற்றுத் துளை வழியே உள்ளே இறங்கியிருந்தது.

தமிழ்மணி வந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, காயவைத்துப் போட்டதும் பெட்டி ஓடியது. விட்ட இடமும் பதிவாகியிருந்தது.

"அப்பாடா! அங்கேர்ந்தே ஓட்டு தமிழு," என்றேன்.

"முடியாதுண்ணா. ஈரம் பட்டப்பறம்தான் இந்தப் பதிவு வுழுந்திருக்கு, பழசு அழிஞ்சிடுச்சு. ஒரு படி பிசகியிருந்தாலும் கடைசி மீதி பொய்யி. மொதல்லேர்ந்து ஓட்டறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

அதன்பிறகு அஞ்சம்மாள் கடைப்பக்கமே வரவில்லை. தன் கைபட்டு மகளின் எண் கெட்டுப்போனது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தார்.

மாசியில் கணக்கு முடியும் நாளன்று தமிழ்மணி அம்மாவைக் கையோடு இழுத்து வந்தாள். நானும் டியூபைப் போட்டுவிட்டு ஓடினேன். மீதி சுழியம் இல்லை. திரை முழுக்க ஏதேதோ இலக்கம்.

"பகு எண்ணு," என்றாள்.

"எதாலடி வகுபடுதாம்?" அஞ்சம்மாள் கேட்டார்.

"அத இந்தச் சோதன சொல்லாதும்மா. வகுபடும்னு மட்டும்தான் சொல்லும்."

இத்தனை மாதம் கரண்டைத் தின்றுவிட்டு இது என்ன பதில்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் நான் சந்தனம் பூசினதாலதான்டி..."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அது பகு எண்ணுதாம்மா. உன் கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உன்மேல பழி வரக்கூடாதுன்னும்தான் மொதல்லேர்ந்து ஓட்டினேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. ஆசைப்பட்டு ஏமாந்தவள் வேறென்ன செய்வாள்?

அஞ்சம்மாள் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அழுதது போதும், அடுத்த எண்ணப் போடு. நான் இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கேன். எவன் வந்து கை வெக்கிறான்னு பாத்துடறேன்."