கடல்நுரைப் பல்பொடி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கணவாய் மீனைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குக் கணவாய் என்று ஏன் பெயர் வந்ததோ, தெரியாது. கடற்கரையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதன் ஓட்டுக்குக் கடல்நுரை என்று பெயர் வந்த காரணத்தை ஊகிக்கலாம். மீன் செத்து அழுகியபின் முதுகுக்குள் இருக்கும் ஓடு மட்டும் மிதந்து கரை ஒதுங்கும். வெள்ளை வெளேரென்று, எடையே இல்லாமல், அலையோரத்தில் நுரையோடு நுரையாகக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் அப்படி ஒரு கடையில் எனக்கு வேலை. நான் சொல்லவரும் சமயத்தில் வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளி அண்ணாச்சி ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், சுத்த சைவம். மீன்கூடை வாசலைக் கடந்தாலே சாம்பிராணி போடச் சொல்வார். ஆனால் கடையில் கடல்நுரையும் கிராம்பும் இடித்து விற்கும் பொடியில்தான் தினமும் பல் துலக்குவார். அலையின் நுரைதான் வெயிலில் காய்ந்து கட்டியாகிறது என்று நம்பியிருந்தார். சேர்ந்த அன்றே நான் சொல்லியிருக்கலாம், கூச்சம். பிறகு சொல்லப் பயம். இப்படியே இரண்டு வருஷம்.

ஒருநாள் மீன் விற்கும் அக்கா ஒருத்தி இருமலுக்குச் சித்தரத்தை வாங்க வந்தாள். கூடையை வெளியே இறக்கிவிட்டு, நான் உரலில் இடிப்பதைப் பார்த்தாள்.

"கணவாய் ஓட்ட எதுக்கு இடிக்கிய?"

"ஏளா, அது கடல்நுரை. பல்பொடிக்கு," என்றார் அண்ணாச்சி.

அவள் விடுவிடென்று வெளியே போனாள். கூடையிலிருந்த ஒரு கணவாயைக் கீறி, ஓட்டை உருவித் துடைத்துக் கொண்டுவந்து எங்கள் தட்டில் இடிக்காமல் கிடந்த கடல்நுரைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

"இதையா பல்லுல தேய்க்கிய? அப்ப நாளையிலருந்து ஒங்க வீட்டுக்கும் மீன் கொண்டு வரட்டா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ கடக்கரைக்காரன்தான. ஒனக்குத் தெரியுமாலே?"

பொய் வாயில் வரவில்லை. "தெரியும் அண்ணாச்சி."

"ரெண்டு வருசமா என் வாயில மீன் எலும்பப் போட்டுட்டு சும்மா நின்னுருக்க! நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

"அந்தப் பிள்ளய ஏன் வையுதிய?" என்றாள் அவள். "அலமாரியில சங்கு பஸ்பம் வச்சிருக்கிய, முத்து வச்சிருக்கிய. அதெல்லாம் மரத்துலயா காய்ச்சுது?"

"சங்கு வேற. அது சாமிக்கு ஊதுறது."

"ஊதுறதுக்கு முன்ன, உள்ள இருந்தத எங்க ஆளுவ கொழம்பு வச்சுத் தின்னுருப்பாவ, அண்ணாச்சி."

அண்ணாச்சி அலமாரியிலிருந்த சங்கு பஸ்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு சித்தரத்தையைத் தானே நிறுத்து மடித்துக் கொடுத்தார். வழக்கமாக நான்தான் கடையைப் பூட்டுவேன். அன்று அவரே பூட்டினார்.

மறுநாள் காலையில் போய் வாசலில் நின்றேன். அண்ணாச்சி வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து கதவைத் திறந்தார். "பொடி பாதியில நிக்குது, உள்ள வாலே," என்றார். போய் இடித்தேன்.