வரிக்கு இரண்டு ஷார்ப்

1965 ஜூன் 9, புதன்கிழமை, காலை ஒன்பதேகால். மேகமூட்டம். மழையும் இல்லை, காற்றும் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயிலில் அக்காவின் கல்யாணம். ஆர்மோனியத்தின் முன்னால் பதினோரு வயது நான் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க வேண்டியவர் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. கோயிலில் பூசைக்கு வாசிப்பவர். எப்போதும் எதிரே இசைக்குறிகள் அச்சிட்ட நோட்டுத் தாளை விரித்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். அதை நம்பி அப்பா, "எங்க மச்சான் நோட்டு பாத்தே வாசிப்பாருங்க" என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா விழுப்புரத்தில் வீட்டிலேயே பியானோ வைத்திருப்பவர். அவர் மகிழ்ந்துபோய், மணப்பெண் நடந்து வருவதற்கென்று தானே ஒரு புது இசையை எழுதி மூன்று தாள்களில் அனுப்பினார். அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத இசை. பக்கத்தில் நின்று தாள் திருப்பவும் தானே வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா வாழப்போவது அவர்கள் கூட்டுக் குடும்பத்தில். இங்கே ஒரு பிசகு நடந்தால் ஆயுள் முழுக்க அவள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தாள் வந்த மறுநாள் மாமாவின் வலது ஆள்காட்டி விரலில் ஒரு துணிக்கட்டு முளைத்தது.

"என்னால ஆவாது. பையன் வாசிக்கட்டும், அவனுக்குதான் எழுத்து தெரியுமே," என்றார்.

தெரியும்தான். எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று பள்ளியில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஷார்ப் குறி போட்டால் சுரம் அரைப் படி ஏறும் என்று சொன்ன வாரத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. என் படிப்பு அந்த அரைப் படியிலேயே நின்றது.

இந்தத் தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு ஷார்ப் இருந்தன. ஒன்று எஃப் என்ற சுரத்துக்கு, ஒன்று சி என்ற சுரத்துக்கு. குறி போட்டால் இரண்டுக்கும் வெள்ளைக்குப் பதிலாகக் கருப்புக் கட்டையை அழுத்த வேண்டும். ஆனால் முதல் வரியிலேயே எஃப்பும் சியுமாகப் பதினோரு இடம் வந்தது. பதினோரு சுரத்துக்கு இரண்டு குறி எப்படிப் போதும் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் தாளை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ரேஷன் மாதிரிடா. கார்டுல என்னா போட்டுக்கீதோ அவ்ளோதான். மொதல்ல வர்றதுக்குக் குடுத்துடு. தீந்துச்சின்னா வெள்ளைக் கட்டையிலயே ஓட்டு."

"அடுத்த வரியில?"

"அங்க மறுபடியும் போட்டுக்கீது பாரு. அது அடுத்த மாசம்."

எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஒத்திகையைக் கேட்டவர்கள், விழுப்புரத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

அக்கா வாசலில் கால் வைத்தாள். முதல் எஃப்புக்குக் கருப்பு, முதல் சிக்குக் கருப்பு. சித்தப்பா கண்ணை மூடி ரசித்தார். மூன்றாவதற்கு வெள்ளையை அழுத்தினேன். அவர் கண்ணைத் திறந்தார். நியாயமாகச் சொன்னால் என் காதும் கருப்பைத்தான் கேட்டது. நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரியும் நன்றாகத் தொடங்கி, நடுவில் கெட்டு, அடுத்த வரியில் திருந்தி, மறுபடியும் கெட்டது. அக்காவின் நடையும் அப்படியே ஆனது. அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா என் காதருகே குனிந்தார்.

"தம்பி, ஷார்ப்பெல்லாம் எங்க?"

"ரெண்டும் தீந்துடுச்சி சார். இனிமே அடுத்த வரிலதான்."

"யாரு சொன்னாங்க?"

மாமாவைப் பார்த்தேன். மாமா அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேஷன் சார்," என்றேன்.

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். மாப்பிள்ளைக்கும் இது காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் சிரிக்க, அதைப் பார்த்து அக்காவும் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் இன்றைக்கும் காப்பிக்குச் சர்க்கரை இல்லையென்றால் 'ஷார்ப் தீந்துடுச்சி' என்றுதான் சொல்கிறார்கள்.

விருந்தில் மாமா ஒரு கட்டுக் கட்டினார். துணிக்கட்டு அதற்குள் இடது கைக்கு மாறியிருந்தது. கல்யாண நாளில் நடக்கும் புதுமைகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். சித்தப்பா கைகழுவ வந்த இடத்தில், "பையனை சனிக்கெழமையில அனுப்புங்க. ஷார்ப் தீராதுன்னு காட்றேன்," என்றார். அப்பா பஸ் செலவை யோசிப்பதற்குள் மாமா, "நான் குடுத்துக்கிறேன்," என்றார்.

எட்டு சனிக்கிழமை போனேன். முதலில் போட்ட ஷார்ப் கடைசிவரை செல்லும், ஃபிளாட் குறி போட்டால் சுரம் அரைப் படி இறங்கும் என்று கற்றேன். சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் திண்டிவனம் நிறுத்தத்தில் மாமா மல்லாட்டைப் பொட்டலத்தோடு நிற்பார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"இன்னிக்கி என்னா சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லு."

"கடைசி ஷார்ப்புக்கு அடுத்த சுரம் எதுவோ, அதுதான் சுதி."

"ஃபிளாட்டா இருந்தா?"

"கடைசிக்கு முந்தின ஃபிளாட்டு எதுவோ அது."

"ஒரே ஒரு ஃபிளாட்டு இருந்தா?"

"அதுக்கு மட்டும் எஃப். அதை மனப்பாடம் பண்ணிக்கணும்."

மாமா உதட்டுக்குள் அதை மூன்று தரம் சொல்லிப் பார்ப்பார். கொடுத்த காசுக்குக் கணக்கு கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒன்பதாவது சனிக்கிழமை அவரே போதும் என்றார். போக வர அரை டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு, மல்லாட்டை பத்து காசு. எட்டு வாரப் படிப்புக்கு மாமாவுக்கு ஆன செலவு பத்து ரூபாய் நாற்பது காசு.