பூமயில் வைக்காத கைநாட்டு

திருப்புல்லாணியில் வண்டி ஓட்டிப் பிழைத்த முனியசாமியின் மனைவி பூமயிலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெரியாத வார்த்தை ஒன்று காதில் விழுந்துவிட்டால், யாராக இருந்தாலும் நிறுத்தி அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் விடுவாள். தாலுகா ஆபீஸ் சேவகனை இப்படி மறித்து, ‘ஜப்தி’ என்றால் என்ன, ‘பறிமுதல்’ என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டவள் அவள். முனியசாமிக்கு இதில் கூச்சம். அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அவள் அண்ணன் வேல்சாமி ஒரு சேலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தான். அவர்களுடைய அய்யா கூத்தையா முந்தின ஆடியில் இறந்திருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கி, நயினார்கோவில் பக்கம் சொந்த ஊரில், கண்மாய்க்குக் கீழே நாலு ஏக்கர் வாங்கியிருந்தார் அவர். அம்மா முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் இவர்கள் இருவர்தான்.

“பட்டாவ எம்பேருக்கு மாத்தணும் ஆத்தா. நீ ஒரு கைநாட்டு வச்சாப் போதும்” என்றான் வேல்சாமி.

புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு புருஷன் வண்டியிலேயே அண்ணனோடு புறப்பட்டாள் பூமயில்.

பதிவு ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் பாக்கர் ராவுத்தர். பத்திரம் எழுதி முடித்திருந்தது. பூமயிலின் பெருவிரலில் மையும் தடவியாகிவிட்டது. முழுதாக வாசித்துக் காட்டாமல் பாக்கர் யாரிடமும் கைநாட்டு வாங்குவதில்லை. நேரமாகிறது, வேண்டாம் என்று வேல்சாமி சொல்லிப் பார்த்தான். அவர் கேட்காமல் வாசித்தார். “மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் விட்டு, தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்தபடியால்...”

பூமயில் கையை இழுத்துக்கொண்டாள். சுதந்திரம் வந்த அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபோது கேட்ட வார்த்தை அது. அவள் சித்தப்பா ஜெயிலிலிருந்து திரும்பியபோதும் கேட்டிருக்கிறாள். “இங்க யாருக்கு விடுதலை?” என்று கேட்டாள்.

பாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். “சொத்துக்குத்தான் தாயி, ஒங்க கையிலேருந்து. இதுல கைநாட்டு வச்சா, இருக்கறத விட்டுக்குடுத்துட்டீங்கன்னு அர்த்தம்.”

“விட்டுக்குடுக்க எனக்கு அதுல என்ன இருக்கு?”

“பாதி இருக்கு.”

ரெண்டு வருஷத்துக்கு முன் வந்த சட்டத்தைப் பற்றி அவர் சொன்னார். தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும். பூமயில் அண்ணனைப் பார்த்தாள். அவன் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் இருந்த மையைப் புதுச்சேலையின் முந்தானையிலேயே துடைத்துவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் முனியசாமி, போனால் போகட்டும், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்றான். அவள் ஒரே பதில்தான் சொன்னாள். “கேட்டிருந்தா குடுத்துருப்பேன். மறைச்சு வாங்கப் பாத்தானே.”

பூமயில் தன் பாதியைக் கேட்டுச் சொல்லி அனுப்பினாள்; வேல்சாமி அதை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனான். வைகாசியில் அவள் பிறந்த ஊர் கூடியது. ஊர்த்தலைவர் தனுஷ்கோடி அம்பலம் தீர்ப்புச் சொன்னார். கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்டது ஊர் வழக்கத்துக்கு மாறு. அதற்குத் தெண்டம் நூற்றியொரு ரூபாய். கட்டும் வரை பூமயில் கோயில் பொங்கலுக்கு வரக்கூடாது, ஊரார் யாரும் அவள் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. பங்கு வேண்டாம் என்றால் தெண்டமும் வேண்டாம்.

சேதி கேட்ட அன்று பூமயில் வெகுநேரம் அழுதாள். மறுநாள் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றி விற்றாள். நேரே பாக்கரிடம் போய் வெள்ளைக் காகிதமும் ரெவின்யூ ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில், பிள்ளையார் கோயில் முன்னால், நூற்றியொரு ரூபாயை அம்பலத்தின் முன் வைத்தாள். பக்கத்தில் காகிதத்தையும் வைத்தாள்.

“தெண்டம் கட்டிட்டேன் மாமா. என்ன குத்தத்துக்குன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“ஊர்த் தெண்டத்துக்கு எவளும் சீட்டுக் கேட்டதில்ல.”

“நான் கேக்குறேன். அய்யா சொத்துல சட்டப்படி உள்ள பங்க கேட்டதுக்குத் தெண்டம்னு எழுதுங்க. கோர்ட்டுல காட்டணும்.”

அம்பலம் காகிதத்தைத் தொடவில்லை. கணக்குப்பிள்ளையை எழுதச் சொன்னார்; அவர் சர்க்கார் சம்பளக்காரர், மறுத்துவிட்டார். வழக்கைக் கொண்டுவந்தவன் நீதானே, நீ போடு என்று வேல்சாமியிடம் தள்ளினார். அவனும் கை நீட்டவில்லை.

அந்த நேரத்தில், பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வேல்சாமியின் மனைவி முத்தழகு முன்னால் வந்தாள். அவள் தகப்பனார் அந்தத் தை மாதம்தான் இறந்திருந்தார்.

“நாத்துனா, அப்ப எங்க அய்யா வாங்குன பனந்தோப்புல எனக்கும் பங்கு இருக்குமா?”

“இருக்கு மதினி” என்றாள் பூமயில்.

வேல்சாமி தலையை நிமிர்த்தினான். அந்தப் பனந்தோப்பு அவனுக்கு நன்றாகத் தெரிந்த இடம். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். பொண்டாட்டிக்கு ஒரு நியாயம், தங்கச்சிக்கு ஒரு நியாயமா என்று யாரோ கேட்டார்கள். அம்பலம் பணத்தை எடுத்துப் பூமயில் கையில் திருப்பிக் கொடுத்தார். குற்றம் என்று எழுத முடியாத ஒன்றுக்குத் தெண்டம் போட்டது தப்புத்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். தள்ளிவைத்ததும் அத்தோடு போயிற்று.

ஆனியில் அதே பாக்கர் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். மடையை ஒட்டிய மேற்பாதியை வேல்சாமியே தங்கைக்கு என்றான். வெட்கத்தால் சொன்னானோ, பாசத்தால் சொன்னானோ. அவள் காரணம் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் பேச்சும் போக்குவரத்தும் பழையபடி ஆயிற்று. முத்தழகுக்கும் பனந்தோப்பில் பங்கு வந்தது. அதற்குப் பதிவு ஆபீசுக்கு அவளைக் கூட்டிப் போனது பூமயில்தான். பிறகு இன்னும் நாலு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். பத்திரத்தை முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளு, அவசரப்படுத்தினா எந்திரிச்சு வந்துரு என்பது எல்லோருக்கும் அவள் சொன்னது.

அறுபதாம் வருஷம் கண்மாய் பெருகியது. நிலத்தில் குண்டுமிளகாய் போட்டாள். பதினோரு மூட்டை வந்தது. பரமக்குடிச் சந்தைக்கு ஏற்றிப் போகும்போது முனியசாமி பழைய கூச்சத்தில் வெளிப்பாதையாகப் போகப் பார்த்தான்.

“ஊருக்குள்ள போங்க” என்றாள் பூமயில், மூட்டைகள் மேல் உட்கார்ந்தபடி.

வண்டி பிள்ளையார் கோயிலைத் தாண்டியபோது அம்பலம் எழுந்து வந்து ஒரு மிளகாயைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். நல்ல காரம் என்றார். மூட்டை என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்.

“நான் சொல்றதுதான் விலை மாமா” என்றாள் அவள். மாடுகள் நடையை எட்டிப் போட்டன.