ரிஜெக்ட் அண்ணனுக்குச் சோறு இறங்கிய கதை

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. ஓரம் மடங்கிய பெட்டி, பசை பிதுங்கிய பெட்டி, ஒரு குறையும் இல்லாத பெட்டி, எதைக் கண்டாலும் ஒதுக்கித் தள்ளுவார். கூட வேலை செய்தவர்கள் 'ரிஜெக்ட் அண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். அது கேலி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. பதவி உயர்வு கிடைத்ததுபோல வீட்டில் வந்து சொன்னார்.

வீட்டில் தள்ளுவதற்கு அவருக்கு அகப்பட்டது மனைவியின் சமையல். இரண்டு வாய் உள்ளே போனதும் எழுந்து நிற்பார். ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, இரண்டு கையையும் கூரைக்குத் தூக்குவார். இறங்கினால் இறங்கும். இல்லையென்றால் வாஷ்பேசினுக்கு ஓட்டம். போட்ட சோறு போட்ட மாதிரியே வெளியே வரும்.

"என்னத்தைப் பொங்கி வெச்சிருக்கே? நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது."

"நானும் இதைத்தானே திங்கிறேன்?"

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு."

விருந்துக்குப் போன இடத்திலும் அவருக்கு இறங்காது. ஆனால் அங்கே மட்டும் "வயிறு ஃபுல்லுங்க" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார். அதை அவள் கவனித்து வைத்திருந்தாள். கட்டிய புருஷனிடம் அவளுக்கு மிச்சமிருந்த மரியாதை பல வருஷமாக அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. போதாக்குறைக்கு நாத்தனார் வேறு போனில் பிடித்துக்கொள்வாள்: "எங்க வீட்ல இருந்தவரைக்கும் எப்படி இருந்தான் என் தம்பி! உன் கையில குடுத்தோம், துரும்பாயிட்டான்."

பெல்ட்டில் புது ஓட்டை போட இடமில்லாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குமுன் எல்லாம் வாயுதான், சோடாதான். மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினாள். மேலே பைபோல வீங்கி, அடியில் நூலாகச் சிறுத்திருந்தது உணவுக்குழாய்.

"அடியில ஒரு தசை இருக்கு. முழுங்கும்போது அது தளர்ந்து வழி விடணும். இவருக்கு இறுகிக் கிடக்கு. வாய் வழியா எண்டோஸ்கோப்பை விட்டு, உள்பக்கமாவே அந்தத் தசையை வெட்டி விட்டுடலாம். வெளியில காயமே இருக்காது."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டர். சமையல் சரியில்லேன்னா இது வருமா?"

"சமையலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"கேட்டுதா?" என்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் சுவரில் இருந்த கண் பரிசோதனைப் பலகையில் அடி வரி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சைக்கு முன்னால் இரண்டு நாள் நீராகாரம் மட்டும், கடைசி ராத்திரி அதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் வடிகட்டி வடிகட்டிக் கொடுத்தாள். குறித்த நாள் காலையில் மயக்கம் கொடுக்கும் முன் குழாயை விட்டுப் பார்த்தால், உள்ளே ஊறிப்போன பன்.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "மயக்கம் குடுத்த பிறகு இது நுரையீரலுக்குள்ள போயிருந்தா? யாரு சாப்பிடக் குடுத்தது?"

"வீட்ல குடுத்தாங்க," என்றார் அவர், கூசாமல்.

மனைவி அவர் சட்டைப்பையில் கையை விட்டாள். கசங்கிய பன் காகிதத்தை எடுத்து, நீவி, டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தாள். மூலையில் ஆஸ்பத்திரி கேன்டீன் முத்திரை.

"பேச்சுவாக்குல வந்துடுச்சு," என்றார் தரம் பார்ப்பவர்.

அன்றைக்கு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதிக்குள் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்க வாயை நீங்களே காவல் காத்துக்கோங்க. மறுபடி திருப்பி அனுப்பினா என்னைக் கூப்பிடாதீங்க." பயம் நன்றாக வேலை செய்தது. இந்தத் தடவை உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது, வேலையும் கச்சிதமாக முடிந்தது. கண் விழித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பார்க்க வருகிறவர்களிடம் காட்ட ஒரு தையல்கூட இல்லை என்று அவருக்கு ஏமாற்றம்.

கஞ்சி, கூழ் எல்லாம் தாண்டி, சோறு போடலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாள், அக்கா வீட்டிலிருந்து திரும்பியிருந்த அவள் சமைத்துப் போட்டாள். எழுந்து நிற்காமல், கையைத் தூக்காமல், தட்டைக் காலி பண்ணினார். நாத்தனார் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லயே. இப்பதான் உனக்குச் சமைக்க வந்திருக்கு."

மனைவி ஏப்ரனை அவிழ்த்து அவர் மடியில் போட்டாள். "நாளைக்கு நீங்க."

"நானா?"

"நீங்கதான். அண்ணி, நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

மறுநாள் அவர் சமைத்தார். சோறு அடியில் தீய்ந்து, நடுவில் விறைத்து, மேலே குழைந்திருந்தது. காயில் உப்பு கையை மீறியிருந்தது. நாத்தனார் ஒரு வாய் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். மனைவி மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு உருண்டை உருட்டிப் போட்டார். விழுங்கினார்.

"இறங்குச்சா?"

அவர் இன்னொன்று போட்டார். அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கேக்கறேன்ல? இறங்குச்சா?"

"இறங்குது," என்றார், தட்டைப் பார்த்து.

"அண்ணிக்குக் கேக்கலயாம். சத்தமாச் சொல்லுங்க."