நடுங்காத கை

என் மருமகள் நூல்களுக்குப் படம் வரைபவள். கரிய மின்தட்டொன்றின் மீது மையில்லாத எழுதுகோலை ஓட்டுகிறாள்; கோடு எதிரேயுள்ள திரையில் தோன்றுகிறது. சென்ற மாதம் என்னை அழைத்து, "மாமா, கை ஆடினாலும் கவலையில்ல. இந்த நம்பரக் கூட்டி வெச்சா கோட்ட அதுவே வழுவழுன்னு ஆக்கிடும்" என்றாள். வேண்டுமென்றே கையை உதறியபடி ஒரு வளைவை இழுத்தாள். திரையில் குற்றமற்ற வளைவு விழுந்தது. "நன்று" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பொறாமை என்று அவள் எண்ணியிருக்கக்கூடும். பொறாமைதான். ஆனால் அது அவள்மீது கொண்டதன்று. அவள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு ஒருவர்மீது கொண்டது.

நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய ஆண்டு, மலாக்காவின் பண்டார் ஹிலிரில் வெள்ளையர் ஒருவர் நடத்திய நில அளவை அலுவலகத்தில் நாங்கள் இருவர் படி வரைவோராக இருந்தோம். பென்சிலால் வரையப்பட்ட நிலப்படத்தின் மீது கஞ்சியேற்றி மெருகிட்ட மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் படியெடுப்பது எங்கள் பணி.

மற்றவர் என்னைவிட மூன்றாண்டு மூத்தவர். இருவரும் காஜா பெராங்கில் குடியிருந்தோம். அவர் வீடு செட்டிகளின் குடியிருப்பில் இருந்தது. மலாக்காச் செட்டிகளுக்கு நம்மைப் போலவே கோயிலும் திருநீறும் உண்டு. பேச்சு மட்டும் மலாய். நான் அவரை 'அபாங்' என்பேன். மலாயில் அண்ணன் என்று பொருள். அவர் அறிந்திருந்த மிகச்சில தமிழ்ச்சொற்களுள் 'தம்பி' ஒன்று. நாங்கள் மலாயில் பேசிக்கொண்டதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

தூய கோடு விரலில் பிறப்பதில்லை, தோளில் பிறக்கிறது. விரலை மட்டும் அசைப்பவனின் வளைவு இரண்டு அங்குலத்திற்கு ஒருமுறை முறியும். பேனாவை முன்னோக்கித் தள்ளலாகாது. தன்பால் இழுக்க வேண்டும். வளைவு எதிர்ப்புறம் திரும்பினால் பலகையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கண் பேனாமுனையில் நிற்கலாகாது. கோடு சென்று சேரும் இடத்தில் நிற்க வேண்டும். இடையில் ஐயம் கொண்டு வேகம் தணித்தால் அவ்விடத்தில் மை தடித்துவிடும். இவையனைத்தையும் நான் பயின்று அறிந்தேன். அபாங் எதையும் பயின்றதாகத் தெரியவில்லை. பாட்டொன்றை முணுமுணுத்தபடியே ஓடையொன்றின் போக்கை இழுத்து முடிப்பார். எங்கள் தலைமை வரைவாளர், கடுநாக்குடைய தமிழர், உருப்பெருக்காடியால் துழாவிப் பார்த்துவிட்டு, "எங்கய்யா கோட்டச் சேர்த்த? தேடித் தேடிக் கண்ணுதான் வலிக்குது" என்பார். என் துணிக்கு வந்தால் ஆடியே தேவையில்லை. "இந்தா இருக்குல உன் முடிச்சு. ஒரு முழத்துக்கு ஒன்னு. பூ கட்டுறியா?" என்பார்.

விடுதலை நெருங்கியது. வெள்ளையர் அலுவலகத்தை விற்றுவிட்டுக் கப்பலேற முடிவு செய்தார். புதிய உரிமையாளர் படி வரைவோருள் ஒருவரை மட்டும் நிலையான வரைவாளராக வைத்துக்கொள்வார் என்றும், மற்றவர் மாத இறுதியில் விலக வேண்டும் என்றும் தலைமை வரைவாளர் அறிவித்தார். தேர்வு எளியது. செமாபோக் பகுதியின் நிலப்படத்தை இருவரும் ஒரே முற்பகலில் படியெடுக்க வேண்டும். எவர் துணி தூய்மையானதோ அவருக்கே பணி.

எனக்கு அவ்வேலை கிடைக்காது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

தேர்வு நாளன்று காலை மேசைகளில் துணியை விரித்து ஊசிகளால் இறுக்கினோம். மை தொடுமுன் துணிமீது சுண்ணத்தூள் தூவித் துடைப்பது வழக்கம். மெருகின் பிசுக்கு நீங்கினால்தான் மை பிடிக்கும். அபாங் அவ்வாறே செய்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கோயில் திருநீறு.

"அம்மா காலையிலேயே போய் வாங்கிட்டு வந்தாங்க" என்று சொல்லியவாறு, ஒரு சிட்டிகை எடுத்துத் துணி முழுதும் தூவி, உள்ளங்கையால் பணிவோடு தடவினார். பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இந்தா தம்பி, உனக்குப் பாதி. சாமிக்கு நாம ரெண்டு பேரும் ஒன்னுதான்."

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு, எனக்குக் கிடைத்த முதற்பெரும் படத்தில், நானும் பக்தி மேலிட்டு இதையே செய்திருந்தேன். திருநீறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. ஒரு மணி நேரத்தில் என் கோடுகளின் இருபுறமும் மயிர் முளைத்தாற்போல் மை கசிந்துவிட்டது. வெட்கத்தால் மைப்புட்டி கவிழ்ந்ததாகப் பொய் சொல்லி, அத்துணியை வீட்டில் எரித்தேன். எவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவ்வலுவலகத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவனே.

பொட்டலத்தை வாங்கினேன். நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"துணிக்குப் போடலையா?"

"எனக்கு நெத்தியில போதும், அபாங்."

அவர் சிரித்தார். "சாமிகிட்டக்கூடக் கஞ்சத்தனமா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவில் மை நிரப்பினார். அப்போதும் நேரம் இருந்தது. "துடைச்சிடுங்க அபாங், மை கசியும்" என்று சொல்ல எத்தனை நொடி வேண்டும்? என் பேனாவின் முனை இதழ்களை மும்முறை துடைத்தேன். மூன்று முறையும் சொல்லவில்லை.

பத்து மணியளவில் அவர் முணுமுணுப்பு நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். சவர அலகால் கோட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டச் சுரண்ட மெருகு நீங்கி, மை மேலும் பரவியது. "அலாமாக், ஐயையோ" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நான் அன்றைக்கு முறியாத கோடுகளை இழுத்தேன். என் வாழ்நாளில் அத்துணை தூய கோடுகளை அதற்கு முன்பும் இழுத்ததில்லை, பின்பும் இழுத்ததில்லை.

நண்பகலில் தலைமை வரைவாளர் வந்தார். அபாங்கின் துணியை நெடுநேரம் பார்த்தார். "என்னய்யா இது? கோடா, கம்பளிப்பூச்சியா?" என்றார். குரலில் வழக்கமான எள்ளல் இல்லை. "பயந்துட்டியா? கை ஆடிப்போச்சு உனக்கு." துணியைச் சுருட்டி வைத்தார். என் துணியைத் தம் மேசைக்கு எடுத்துச் சென்றார்.

மாலையில் இருவரும் வழக்கம்போல் ஒன்றாகவே நடந்தோம். மழை விட்டிருந்தது. ஆற்றுப் பாலத்தின்மேல் அபாங் நின்றார். வலக்கையை நீட்டி, விரல்களை விரித்து என் கண்ணெதிரே பிடித்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. ஆடுதா?"

கல்லில் செதுக்கிய கைபோல் அது அசைவற்றிருந்தது.

"கொஞ்சம் ஆடுது, அபாங்" என்றேன்.

அவர் கையைத் தாமே சிறிது நேரம் பார்த்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

அதன்பின் அவர் பத்து பெரெண்டாம் என்னும் ஊரில் ஒரு கிடங்கில் காவற்பணி ஏற்றார். வரையவேயில்லை. நான் அந்த மேசையிலேயே அமர்ந்து தலைமை வரைவாளனாக ஓய்வுபெற்றேன். பல்லாண்டுகள் கழித்து, காஜா பெராங்கில் ஒரு திருமண வீட்டில் அருகருகே அமர்ந்தோம். அவர் காப்பிக் கிண்ணத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றிக் குடித்தார். எதிரிலிருந்த இளைஞன் ஏனென்று கேட்டான்.

"வலது கைய நம்ப முடியாது. சின்ன வயசிலேயே நடுக்கம்" என்றார். பிறகு பெருமையோடு என் தோளைத் தட்டினார். "தம்பிதான் கையப் பாத்துச் சொன்னது. கேட்டுப் பாரு."

இளைஞன் என்னை நோக்கினான். கிண்ணத்தில் காப்பி ஒரு சுழிவுமின்றி நின்றது. நான் தலையசைத்தேன்.